மறுமொழி: டெஸ்ட் போனில் ரீடயல், ஸ்பீட் டயல் – தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. டெஸ்ட் போன் என்பது லைன்மேன் தொலைபேசி லைனைச் சோதிக்கக் கையில் வைத்திருக்கும் போன். அதில் கடைசியாகப் போட்ட எண்ணைத் திரும்பப் போடும் ரீடயல், நினைவில் வைத்த எண்ணை ஒரே பொத்தானில் போடும் ஸ்பீட் டயல், இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுவிட்டதால் என் பக்கத்தை ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் லைன் வேலை பழகும் பிள்ளைகளுக்கான கையேடு இது. ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள், கம்பத்து மேலே டிபி பெட்டியை (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) திறந்து கிளிப் மாட்டப் போகிறவர்கள். அவர்களுக்கு ஒரு சொல் கொடுத்தால், அந்தப் பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கும் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

> ‘மறுவழைப்பு’, ‘விரைவழைப்பு’ இரண்டும் இலக்கணச் சுத்தமானவை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆற்காட்டு ஐயா சொல்வது சரிதான், புணர்ச்சியில் குறை இல்லை. ‘மறு’ முற்றியலுகரம், வகர உடம்படுமெய் முறையாக வந்திருக்கிறது. ஆனால் ‘அழைப்பை மறு’ என்றால் தமிழில் வேண்டாம் என்று தள்ளுவது. மறுபிறவி, மறுதேர்வு, மறுநாள் என்று எத்தனையோ இருக்க இதில் மட்டும் குழப்பம் எப்படி வரும் என்று ஐயா கேட்டிருந்தார். முழுச்சொல்லாக இருந்தால் வராது. கையேட்டில் பொத்தான் படத்துக்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் ‘மறு’ என்று மட்டும் போட வேண்டி வரும், அங்கேதான் பையன் திணறுவான்.

என் பெரிய மறுப்பு ‘அழைப்பு’ என்கிற பகுதி மேல்தான். வீட்டுப் போனில் டயல் செய்வதும் அழைப்பதும் ஒன்றுதான், டெஸ்ட் போனில் அப்படி இல்லை. கிளிப் இரண்டையும் பேரில் (ஒரு லைனின் இரட்டைக் கம்பி) மாட்டி, சுவிட்சை டாக், அதாவது பேசும் பக்கம் தள்ளி, டயல் டோன் கேட்டதும் ரீடயலை அழுத்துகிறோம். முதல் இலக்கம் போன உடனே டோன் நிற்க வேண்டும். நின்றால், நாம் அனுப்பிய எண்ணை எக்ஸ்சேஞ்ச் வாங்கிக்கொண்டது என்று பொருள். நிற்கவில்லையா, எண்ணை ஒலியாக அனுப்புவதா துடிப்பாக அனுப்புவதா என்று மாற்றும் டோன்-பல்ஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதிர்முனை பிஸியாக இருந்தாலும் ரீடயல் தன் வேலையை முடித்துவிட்டது, அழைப்புதான் கிடைக்கவில்லை. மானிட்டர் பக்கம் சுவிட்ச் இருந்தால் லைனைக் காதால் கேட்கலாம், எண் போகாது. ‘மறுவழைப்பு வேலை செய்யவில்லை’ என்று ஒரு பையன் வந்து நின்றால் எண் போகவில்லையா, எதிர்முனை எடுக்கவில்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆம்பூர் அம்மா சொன்ன ‘மீளழைப்பு’க்கும் இதே தடைதான். போதாததற்கு, தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதற்கும் அந்தச் சொல்லைப் பலர் எழுதுகிறார்கள்.

‘விரைவழைப்பு’ இன்னும் மோசம். ஸ்பீட் டயலில் எண் ஒன்றும் வேகமாகப் போவதில்லை. பல்ஸ் முறையில் நொடிக்கு 10 துடிப்பு, பூஜ்யம் ஒன்றுக்கே 10 துடிப்பு. ராணிப்பேட்டைக் குறியீடு 04172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கே 24 துடிப்பு, எண்ணுக்கு எண் இடைவெளி வேறு. கையால் போட்டாலும் நினைவிலிருந்து போட்டாலும் லைனில் அதே நேரம்தான் ஆகும். மிச்சமாவது நம் விரல் வேலை, கம்பத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது பெரிய விஷயம். பதினோரு இலக்கத்தை ஒரு பொத்தானில் சுருக்கி வைக்கிறோம், அதனால் ‘சுருக்கெண்’ என்கிறேன். சுருக்கெழுத்து என்று ஏற்கெனவே இருப்பதால் காதுக்குப் புதிதாகவும் இருக்காது. சுருக்கு என்றால் தூக்குக் கயிறும்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்குப் பையை இடுப்பில் செருகிய பாட்டிகள் உள்ள மாவட்டத்தில் அந்தப் பயம் வேண்டாம்.

நடுவில் ‘ஆற்காடா, ஆர்க்காடா’ என்று பத்து மடல் போயிற்று. நற்றிணையில் வரும் ஆர்க்காடு நம் ஊர்தானா, ஆர் என்பது சோழன் சூடிய ஆத்திதானா, இரண்டும் பேச வேண்டியவைதான். தனி இழையில் தொடங்கினால் நானும் வருகிறேன். மீள், மீட்டு, வீணை மீட்டல், கம்பனின் மீட்சிப் படலம் என்று ஆம்பூர் அம்மா கட்டிய தொடர் எனக்குப் பிடித்திருந்தது. ‘நினைவிலிருந்து எண்ணை மீட்டு’ என்ற அவர் வாக்கியத்தைக் கையேட்டில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

ரீடயலுக்கு நான் சொல்வது ‘கடைசி எண்’. இது வினை இல்லை, கலைச்சொல்லே இல்லை என்று ஐயா கோபப்பட்டார். எந்த எண் போகும் என்பது அதில் இருக்கிறதே ஐயா! டெஸ்ட் போன் ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை. காலையில் ஒருவர் தெருவோரப் பில்லர் பெட்டியில் நின்று சந்தாதாரர் வீட்டுக்குப் போட்டிருப்பார், சாயங்காலம் வேறு ஒருவர் சோதனை எண்ணுக்குப் போகும் என்று நினைத்து அதே பொத்தானை அழுத்துவார், யார் வீட்டிலோ மணி அடிக்கும். ‘கடைசி எண்’ என்று படித்துப் பழகியவனுக்கு ‘யார் போட்ட கடைசி எண்?’ என்று கேட்கத் தோன்றும். மறுவழைப்பு அந்தக் கேள்வியை எழுப்பாது.

குடியாத்தம் நண்பர் ‘ரீடயல் என்றே விடுங்கள், லைன்மேன் யாரும் வேறு சொல்ல மாட்டார்’ என்கிறார். பேச்சில் அது உண்மை. டயல் டோன், கிளிப், பேர் எதையும் நானும் மாற்றவில்லை. ஆனால் கையேட்டை முதன்முதலில் படிக்கிறவனுக்கு ரீடயல் ஒரு சத்தம் மட்டும்தானே.

இதுவரை எழுதியவர்களில் கூடுதல் பேர் ‘மீள்டயல்’, ‘சுருக்கெண்’ பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். மீள்டயல் எனக்கு முழுதாக ஒப்பவில்லை, ஆனாலும் அழைப்பு என்ற சொல் அதில் இல்லை என்பதால் ஒத்துக்கொள்கிறேன். படத்தில் ‘மீள்டயல்’, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘கடைசியாகப் போட்ட எண்’ என்று அச்சாகும். ஐயாவின் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது, அதையும் குழுவின் கோப்பில் குறித்துவிட்டேன்.

அப்புறம், ஃபிளாஷ் பொத்தானுக்கு இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கணம் லைனைத் துண்டித்து உடனே சேர்ப்பது அதன் வேலை. ‘மின்னல்’ மட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் லைனில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.