மறு: பராபாசிஸ் – தமிழ்ல என்ன சொல்லலாம்? (என் முன்மொழிவு: அவைமுன்னிலை)

குழுமத்தாருக்கு வணக்கம்.

நம்ம பாடத்துக்காக, பராபாசிஸ்ங்கிற கிரேக்க நாடகச் சொல்லைத் தமிழ்ல என்னன்னு சொல்லலாம்னு கேட்ட இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் படிச்சுட்டேன். இதுவரைக்கும் வந்த பரிந்துரைகள்: அவையடக்கம், பாயிரம், கட்டியம், குறுக்கீடு, கவிக்கூற்று. பேசாம பராபாசிஸ்னே எழுதிடலாம்னும் ஒருத்தர் சொல்லியிருந்தாங்க. நான் வைக்கிற சொல் அவைமுன்னிலை. ஏன்னு கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா நாம எந்தப் பேரை வைக்கிறோமோ அதை வச்சுத்தான் படிக்கிற பசங்க அந்தப் பகுதியைப் புரிஞ்சுக்கப் போறாங்க, பேர் கோணலா இருந்தா நாடகமே கோணலா தெரியும்.

புதுசா சேர்ந்தவங்களுக்காக விஷயத்தை மட்டும் சுருக்கமா. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகைச்சுவை நாடகத்துல, கதை பாதி ஓடினதும் நடிகர்கள் எல்லாம் உள்ள போயிடுவாங்க. களத்துல கோரஸ் (ஆடிப்பாடற குழு) 24 பேர் மட்டும் நிப்பாங்க. அவங்க பார்வையாளர் பக்கமா முன்னால வந்து அவங்ககிட்டயே நேரா பேச ஆரம்பிச்சுடுவாங்க. கதை அதுவரைக்கும் அப்படியே நிக்கும். இதுக்குத்தான் பராபாசிஸ்னு பேரு. அந்தக் காலத்து நகைச்சுவைக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸோட 11 முழு நாடகம் நம்ம கைக்கு வந்திருக்கு, அதுல கடைசி ரெண்டைத் தவிர எல்லாத்துலயும் ஏதாவது ஒரு வடிவத்துல இது இருக்கு.

இப்போ ஒரு இடத்தைக் கிட்டத்துல பாக்கலாம். அக்கார்னியர்கள், கி.மு. 425, ஏதென்ஸ்ல நடந்த லெனாயா விழா நாடகப் போட்டில முதல் பரிசு வாங்கின நாடகம். கோரஸ் மேலங்கியைக் கழட்டிட்டு 'நம்ம வாத்தியார் (அதாவது கவிஞர்) நகைச்சுவை கோரஸ் நடத்த வந்த நாள்லேர்ந்து, தான் கெட்டிக்காரன்னு சொல்லிக்க ஒரு தடவைகூட அவை முன்னால வந்ததில்ல'ன்னு ஆரம்பிக்குது. அந்த 'முன்னால வந்து'ங்கிற வினைச்சொல்லேர்ந்துதான் பராபாசிஸ்ங்கிற பேரே வருது. அடுத்து, எதிரிங்க அவர் மேல பழி சொல்றாங்க, நகரத்தைக் கிண்டல் பண்றாரு மக்களை அவமானப்படுத்தறாருன்னு, அதுக்கு இப்போ உங்க முன்னால பதில் சொல்லணும்னு போகுது. அதுக்கப்புறம் வர்றது இன்னும் பிரமாதம். ஸ்பார்ட்டா தூதர்கள் பாரசீகப் பேரரசர்கிட்ட போனாங்களாம், அவர் முதல்ல எந்தப் பக்கம் கப்பல்படை பெருசுன்னு கேட்டாராம், அடுத்து இந்தக் கவிஞர் எந்தப் பக்கத்தைத் திட்டறாருன்னு கேட்டாராம், ஏன்னா யாரை இவர் திட்டறாரோ அவங்கதான் திருந்தி போர்ல ஜெயிப்பாங்களாம். ஸ்பார்ட்டாக்காரங்க சமாதானம் பேசறப்ப ஏஜினா தீவைக் கேக்கறதுகூட தீவுக்காக இல்லையாம், இந்தக் கவிஞரைப் பறிச்சுக்கத்தானாம்!

இதைப் படிச்சுட்டு

> அவையடக்கம்னே வச்சுடலாமே, எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்

அப்படின்னு ஐயா எழுதினதை என்னால ஏத்துக்க முடியல. அவைகிட்ட கவிஞன் பேசறான்ங்கிற அளவுக்கு ஒத்துப்போகுது, சரிதான். ஆனா நம்ம அவையடக்கத்துல கம்பன் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைங்கறான். அரிஸ்டோஃபனீஸ் பாரசீக ராஜாவே என்னைப் பத்தி விசாரிக்கிறாருங்கறான். திசையே வேற.

ஆனா ஐயாவோட மடல் என்னை நன்னூல் பக்கம் திருப்பிச்சு, அதுக்கு நன்றி. தற்புகழ்ச்சி தகாதுன்னு சொன்ன கையோட பவணந்தியார் விதிவிலக்கும் குடுக்கறாரு பாருங்க:

மன்னுடை மன்றத்து ஓலைத் தூக்கினும்
தன்னுடை ஆற்றல் உணரா ரிடையினும்
மன்னிய அவையிடை வெல்லுறு பொழுதினும்
தன்னை மறுதலை பழித்த காலையும்
தன்னைப் புகழ்தலும் தகும்புல வோற்கே

கடைசி மூணு விலக்கையும் அரிஸ்டோஃபனீஸ் பக்கத்துல வச்சுப் பாருங்க. தன் ஆற்றல் தெரியாதவங்க நடுவுல: மேகங்கள் நாடகம் கி.மு. 423-ல மூணாவது இடத்துக்குப் போச்சு, அதைத் திருத்தி எழுதின பிரதிதான் இப்போ நம்ம கையில இருக்கு, அதோட பராபாசிஸ்ல 'என் நாடகங்கள்லயே அறிவார்ந்தது இதுதான், உங்கள்ல விவரமானவங்கன்னு நம்பித்தான் உங்ககிட்ட கொண்டு வந்தேன், சரக்கில்லாத ஆளுங்ககிட்ட தோத்தேன்'னு மனசுவிட்டுச் சொல்றாரு. அவையில ஜெயிக்கவேண்டிய நேரம்: எல்லா நாடகமும் போட்டிக்குத்தான் போகுது, நடுவர்கள் அங்கேயே உக்காந்திருக்காங்க. எதிரி பழிச்ச வேளை: மேல சொன்ன அக்கார்னியர்கள் வரிகள். கிரேக்க நாடகத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு இலக்கணம் இந்த சூழ்நிலையை எல்லாம் இவ்ளோ சரியா எண்ணி வச்சிருக்குன்னு பாக்கறப்ப எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுது. பாடத்துல இந்த நூற்பாவை உரைக்குறிப்பாவாவது கண்டிப்பா சேக்கணும்.

பாயிரம், கட்டியம் ரெண்டையும் வேகமா தாண்டிடறேன். பாயிரம் நூலுக்கு முன்னாடி வர்றது, பராபாசிஸ் நடுவுல வர்றது. கட்டியங்காரன் கூத்து முழுக்க அவையோட பேசற தனி ஆள், இங்க பேசறது ஒரு குழு, அதுக்குன்னு ஒதுக்கின இடத்துல.

கவிக்கூற்றுதான் பலமான போட்டி. அக்கா அதுக்கு ஆதாரமா பழைய கிரேக்கச் சொல்லறிஞர் போலக்ஸைக் காட்டியிருந்தாங்க. கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல அவர் குடுக்கிற விளக்கம், கவிஞன் அவைக்குச் சொல்ல நினைக்கிறதை கோரஸ் முன்னால வந்து சொல்றதுன்னுதான் இருக்கு, மறுக்கல. பிரச்சனை என்னன்னா அந்த விளக்கத்துக்குள்ள எல்லா நாடகமும் அடங்காது. அக்கார்னியர்கள்ல கோரஸ் கவிஞரைப் 'படர்க்கை'ல சொல்லுது, நம்ம வாத்தியார்னு. மேகங்கள்ல அதே கோரஸ் 'நான்'னு கவிஞராவே பேசுது. கி.மு. 414-ல வந்த பறவைகள் நாடகத்துல கவிஞரைப் பத்திப் பேச்சே இல்ல! பறவைங்க பறவைங்களாவே நின்னு மனுஷங்களைக் கூப்பிடுதுங்க, இருட்டுல வாழற, இலைகளோட தலைமுறை மாதிரி உதிர்ந்துபோற மனுஷங்களேன்னு. ஆதியில வெறும் வெளியும் இரவும் இருளும் பாதாளமும்தான் இருந்துச்சு, இரவு இட்ட முட்டைலேர்ந்து காதல் பிறந்துச்சு, அதுலேர்ந்து நாங்க, தெய்வமெல்லாம் எங்களுக்கப்புறம்தான்னு ஒரு படைப்புக் கதையே சொல்லுதுங்க. அப்புறம் பார்வையாளர்கிட்டயே, உங்கள்ல ஒருத்தருக்கு றெக்கை இருந்தா சோக நாடகம் போரடிக்கிறப்ப பறந்து வீட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு திரும்ப வந்துடலாமேங்குதுங்க. கொஞ்சம் தள்ளி நடுவர்கள்கிட்ட, எங்களுக்குப் பரிசு குடுத்தா லாரியம் வெள்ளிச் சுரங்கத்து ஆந்தைக்காசு (ஆந்தை பொறிச்ச ஏதென்ஸ் நாணயம்) உங்க பையில குஞ்சு பொரிக்கும், குடுக்கலேன்னா வெள்ளைத்துணி போட்டுட்டு வர்ற அன்னிக்கு எல்லாப் பறவையும் சேர்ந்து எச்சம் போடும்னு மிரட்டல் வேற. இதுல எங்க இருக்கு கவிக்கூற்று?

அப்போ எல்லாத்துலயும் மாறாம இருக்கறது எது? பேசறவர் தன்மையா இருக்கலாம், கவிஞர் படர்க்கையா இருக்கலாம், இல்லாமலே போகலாம். கேக்கறவர் மட்டும் எப்பவும் முன்னிலை. 'நீங்க', 'உங்களுக்கு', 'அவையோரே'. அதனாலதான் அவைமுன்னிலைங்கறேன். கிரேக்கச் சொல்லுல இருக்கிற 'முன்னால வந்து நிக்கிறது'ம் அதுக்குள்ள இருக்கு, நம்ம இலக்கணத்து மூவிடத்துல வர்ற முன்னிலையும் இருக்கு, யார்கிட்டங்கிறதும் இருக்கு. பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்ச யாருக்கும் விளக்கம் சொல்லாமலே பாதி புரிஞ்சுடும்.

குறுக்கீடு வேண்டாம்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் ஆய்வு வரலாறுல இருக்கு. ரொம்ப காலம் இந்தப் பகுதியை, நகைச்சுவை நாடகம் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்த ஊர்வலப் பாட்டோட மிச்சம், கதையில ஒட்டாம துருத்திக்கிட்டு நிக்கிற பழைய கருன்னுதான் பாத்தாங்க. ஸியலின்ஸ்கி 1885-ல இதுக்குள்ள பாட்டும் பேச்சும் ஜோடி ஜோடியா எப்படி அடுக்கியிருக்குன்னு காட்டினாரு. கார்ன்ஃபோர்ட் 1914-ல நகைச்சுவை நாடகத்தையே சடங்குலேர்ந்து விளக்கப் பாத்தாரு. சிஃபாகிஸ் 1971-ல வந்துதான் அடிப்படையையே கேட்டாரு: மேடையில நடக்கறதை நிஜம்னு நம்பவைக்கிற மாயை கிரேக்க நாடகத்துக்குப் பொருந்தவே பொருந்தாது, இல்லாத மாயையை இந்தப் பகுதி எப்படிக் கலைக்கும்? ஹப்பார்ட் 1991-ல ஒவ்வொரு பராபாசிஸும் அந்தந்த நாடகத்தோட உள்கருத்தோட எப்படிப் பின்னியிருக்குன்னு எடுத்துக் காட்டினாரு. குறுக்கீடுன்னு பேர் வச்சா முதல் கட்சியோட முடிவை நாமளே கலைச்சொல்லுல பூட்டி வச்ச மாதிரி ஆயிடும். கலைச்சொல் விவாதத்துக்கு இடம் விடணும், தீர்ப்பு சொல்லக் கூடாது.

அவைமுன்னிலை வேணும்னு சொல்ல எனக்கு இன்னொரு காரணம், அதே பாடத்திட்டத்துல இருக்கிற ஹோமர். அங்கயும் ஒரு முன்னிலை வருது. இலியட் 16-ஆம் காண்டம் முழுக்க கிரேக்க வீரன் பட்ரோக்லஸ் சாவை நோக்கிப் போறான், கதை படர்க்கைல ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு கவிஞர் அவனையே கூப்பிட்டுப் பேசறாரு: 'தெய்வங்கள் உன்னைச் சாவுக்கு அழைச்சபோது யாரை முதல்ல கொன்னாய், யாரைக் கடைசியா கொன்னாய், பட்ரோக்லஸ்?' அப்புறம் அப்பொல்லோ தெய்வம் அடிக்கப்போற நொடில, 'அங்கே உனக்கு, பட்ரோக்லஸ், வாழ்வின் முடிவு தோன்றியது.' அந்தக் காண்டத்துல எட்டு தடவை இப்படி. ஒடிஸில பன்றிமேய்ப்பன் யூமேயஸ் பதில் சொல்ற பல இடத்துல 'சொன்னான்' இல்ல, 'சொன்னாய், பன்றிமேய்ப்பன் யூமேயஸே'தான். பழைய உரைக்காரங்க இதைக் கவிஞரோட பரிவுன்னாங்க. 1928-ல மில்மன் பெரி ஹோமரோட அடைமொழி எல்லாம் யாப்புத் தேவைக்கு மரபா வார்த்துவச்ச தொடர்னு நிறுவினதுக்கப்புறம் பரிவுங்கிற விளக்கம் ஆட்டம் கண்டுச்சு, அந்தப் பேரு விளியாத்தான் ஆறு சீர் அடியில உக்காரும், அதனாலதான் கூப்பிடறாருன்னு ஒரு கட்சி வலுவாச்சு. எனக்கு என்னமோ ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிக்கணும்னு தோணல. யாப்பு வழி திறந்து விட்டிருக்கலாம், ஆனா சாவு நெருங்க நெருங்க அந்த அழைப்பு அடிக்கடி வர்றதுக்கு யாப்பு மட்டும் பதில் சொல்லாது.

இதுக்குப் பாத்திர முன்னிலைன்னு வைக்கலாம்ங்கறேன். தம்பி ஒருத்தர் தொல்காப்பியத்து முன்னிலைப் புறமொழியைச் சொல்லியிருந்தாரு, நல்ல தேடல், ஆனா அது எதிர்ல இருக்கறவரை எங்கேயோ இருக்கறவர் மாதிரி வச்சுப் பேசறது, ஹோமர் பண்றது அப்படியே தலைகீழ், எப்பவோ செத்தவனை எதிர்ல நிக்கறவனாக்கிப் பேசறது.

அவைமுன்னிலை, பாத்திர முன்னிலைன்னு ஜோடியா வச்சா காப்பியத்தையும் நகைச்சுவையையும் ஒரே மேசையில வச்சு ஒப்பிட வசதி. காப்பியப் பாடகன் தான் பாடற ஆளைப் பாத்து 'நீ'ங்கறான், கேக்கறவங்க பக்கம் திரும்பறது ரொம்ப அபூர்வம். நகைச்சுவை கோரஸ் அவையைப் பாத்தே 'நீங்க'ங்குது. பறவைங்க சொன்ன இலைத் தலைமுறை இலியட் 6-ஆம் காண்டத்துல கிளௌகஸ் சொல்ற இலைத் தலைமுறைதான், அங்க ஒரு வீரன் இன்னொரு வீரன்கிட்ட தன் குலத்தைப் பத்திக் கேட்டப்ப சொன்னது, இங்க மொத்த அவையையும் பாத்து 'நீங்கதான் அந்த இலை'ன்னு ஆகுது. ஒரே உவமை, முன்னிலை மாறினதும் அடி யார் மேல விழுதுன்னு பாருங்க. பராபாசிஸ்னே வச்சுட்டா இந்த ஒப்பீட்டைத் தமிழ்ல ஒரு வரில சொல்ல முடியாது.

வாக்கியத்துல ஓட்டிப் பாத்தேன்: 'பறவைகள் நாடகத்தில் இரண்டு அவைமுன்னிலைகள் உண்டு.' 'தவளைகள் நாடகத்தின் அவைமுன்னிலை, கி.மு. 411-ல் சிலர் ஆட்சியைப் பிடித்த புரட்சியில் வழிதவறியவர்களுக்குக் குடியுரிமையைத் திருப்பித்தரச் சொல்கிறது. அதற்காகவே நாடகம் மறுபடி மேடையேறியது என்பது பழங்குறிப்பு.' 'பெண்கள் பேரவையிலும் கி.மு. 388-ல் வந்த செல்வம் நாடகத்திலும் அவைமுன்னிலை இல்லை; பிற்கால நகைச்சுவைக் கவிஞர் மெனாண்டர் காலத்தில் கோரஸ் அங்கங்களுக்கு இடையே வரும் ஆடல்பாடலாகச் சுருங்கிவிட்டது.' எனக்கு நாக்குல தடையில்லாம வருது.

உறுப்புகளுக்குப் பேர் வைக்கிற வேலை பாக்கி இருக்கு. முழு வடிவத்துல ஏழு உறுப்பு. பாட்டு, எதிர்ப்பாட்டு ரெண்டும் சுலபம். பாட்டை அடுத்து வர்ற பேச்சுக்கு, நகரத்துக்கு நல்லது எடுத்துச் சொல்றதால செவியறிவுறூஉன்னு வைக்க ஆசையா இருந்துச்சு, ஆனா அந்த உறுப்போட பேரு பொருளை வச்சு வரல, பாட்டுக்குப் பின்னால வர்ற இடத்தை வச்சு வந்தது, அதனால அடுத்துரை, எதிர் அடுத்துரைன்னு வச்சிருக்கேன். மூச்சே விடாம கடகடன்னு சொல்லி முடிக்கிற ஒரு உறுப்பு இருக்கு, கிரேக்கத்துல அதோட பேருக்கே மூச்சுத் திணறல்னு பொருள். ஒருமூச்சுன்னு போட்டா சரியா இருக்குமா, இல்ல யாப்பு தெரிஞ்சவங்க முடுகியலோட உறவு பாத்து வேற ஏதாவது சொல்வீங்களா? அதை மட்டும் தனி மடலா எழுதுங்க, பட்டியல்ல ஏத்திடறேன்.