வைட்டமின் டி போட்டால் தசை ஏறுமா?

பனியன்கணக்கு:
வயது 38, எடை 70 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வெயில் ஏறுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன். மாலையில் ஜிம். ஸ்குவாட்டில் (தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) எடை கூடவே மாட்டேன் என்கிறது, மாடிப்படி ஏறினாலே தொடை கனக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 ng/mL என்று வந்தது. டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் வீதம் 8 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஜிம் நண்பரோ, "நிறுத்தாதே, வருஷம் பூரா போடு, தசை தானா ஏறும்" என்கிறார். சரியா?

மெடிக்கல்ஷாப் அண்ணாச்சி:
தம்பி, 20க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பார்கள். 11 ரொம்பக் குறைவு. அந்த நிலையில் தொடை, இடுப்பு, தோள் தசைகள்தான் முதலில் சோர்ந்துபோகும். தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாது. பற்றாக்குறையைச் சரிசெய்தால் இழந்த பலம் திரும்பும், அவ்வளவுதான். போதுமான அளவு வந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருப்பது நிரம்பிய தொட்டிக்கு மோட்டார் போடுகிற கதை.

இது கொழுப்பில் கரைகிற சத்து. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடம்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், கடைசியில் கிட்னிக்கே ஆபத்து. வாரம் ஒன்று என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாலும், தினம் ஒன்றாகக் குடித்துவிட்டு அடுத்த வாரமே வந்து நிற்பவர்கள் உண்டு! 8 வாரம் முடிந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள், மறுபடி டெஸ்ட் எப்போது என்று அவர் சொல்வார். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு எடுங்கள்.

இரும்புக்கை:
அதெல்லாம் சரி, சாப்பாடு என்ன?

பனியன்கணக்கு:
காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை. முட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இரும்புக்கை:
அப்புறம் எப்படி ஏறும்? எடை தூக்குகிறவருக்கு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். இட்லியை இரண்டாக்கி இரண்டு முட்டை சேருங்கள். மதியம் சுண்டல், ராத்திரி பனீரோ கோழியோ. அப்படிச் சாப்பிட்டாலும் 112 வராது, ஆனாலும் இப்போதைக்கு இது போதும். ஸ்குவாட்டில் ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டரை கிலோவாகக் கூட்டுங்கள்.

மெடிக்கல்ஷாப் அண்ணாச்சி:
கிட்னிக் கல் வந்திருந்தால் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.