ஓட்டுநர் துணையும் எச்சரிக்கை மரப்பும்: முடிவாகும் முன் என் மறுப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்ச் சொற்களுக்குத் தமிழ்க் கலைச்சொல் பட்டியல் ஒன்றை நம் குழுவில் தொகுத்து வருகிறோம். அதில், ஸ்டீயரிங், வேகம், பிரேக் இவற்றில் ஓட்டுபவருக்குக் கைகொடுக்கும் ‘டிரைவர் அசிஸ்ட்’ வசதிகளுக்குத் ‘தானியங்கி ஓட்டுநர் அமைப்பு’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதை நேற்றைய மடல்களில் பார்த்தேன். பட்டியலில் ஏற்றும் முன் என் மறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அழகாக இருக்கிறதா, நீளமாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். அதை நம்பி ஒருவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவார், அதுதான் என் கவலை.

போன மாதம் மழை ஓய்ந்த ஒரு மாலையில், சாலைப்பணி நடக்கும் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பழைய வெள்ளைக்கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதுக்கோடு போட்டிருந்தார்கள். ஆனால் ஈரத்தில், எதிர்வெயிலில், சுரண்டிய தடம்தான் புதுக்கோட்டைவிடப் பளபளத்தது. காரின் கேமராவுக்கு அதுவே கோடாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் என் கைக்குள்ளேயே மெல்லத் திரும்பி வண்டியைத் தடுப்பு டிரம்கள் பக்கம் கொண்டுபோனது. வேகமாக ஒன்றும் இல்லை, குழந்தை கையைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் இழுப்பு. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தேன், நேராகிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா, காரோடு வந்த தமிழ்க் கையேட்டை முந்தின வாரம்தான் ஒரு பக்கம் விடாமல் படித்தவள், “அதான் தானியங்கித் தடக் கட்டுப்பாடுன்னு போட்டிருக்கே, நீ ஏன்டா அதோட மல்லுக்கட்டுற?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கையேட்டில் இருந்த சொல்லை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். சொல்தான் பொய் சொன்னது.

எஸ்ஏஇ என்னும் பொறியாளர் அமைப்பு 2014-ல் ஜே3016 என்ற வரையறையை வெளியிட்டது. 0 முதல் 5 வரை ஆறு நிலைகள். இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது 2-ஆம் நிலை வரைதான். ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கார் சேர்த்துப் பார்த்துக்கொண்டாலும், அந்த நிலை வரை ஓட்டுபவர் மனிதரே, ஒவ்வொரு நொடியும் கண்காணிக்க வேண்டியவரும் அவரே. 3-ஆம் நிலையில்தான், அதுவும் சில சூழல்களில் மட்டும், ஓட்டும் வேலை காருக்குப் போகிறது. எஸ்ஏஇ-யே ‘தானோட்டும்’, ‘தன்னாட்சி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. அவர்களே கைவிடச் சொன்னதைத் தமிழில் புதிதாகப் பெயர்சூட்டிக் கொண்டுவருவானேன்?

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ‘குரூஸ் கன்ட்ரோல்’ வசதியை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வை இழந்த பொறியாளர். கிறைஸ்லர் நிறுவனம் 1958 மாடல் கார்களில் அதைக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் ‘ஆட்டோ பைலட்’! ஆக்சிலேட்டரை மட்டும் பார்த்துக்கொண்ட ஒரு கருவிக்கு அந்தப் பெயர். அப்போதே பெயர் கருவியைவிட நாலு அடி முன்னால் ஓடியிருக்கிறது.

இதில் தமிழுக்கென்று ஒரு கண்ணியும் இருக்கிறது. நம் கலைச்சொற்களில் இகர ஈறு போட்டாலே அந்தப் பொருள் வேலையைச் செய்யும் ஆளாகிவிடுகிறது. கணினி, செயலி, உலாவி, குளிர்பதனி எல்லாம் அப்படித்தான். அங்கே அது பொருந்தும், ஏனென்றால் குளிர்பதனி குளிர்விக்கும்போது நாம் கூடவே நின்று குளிர்விக்க வேண்டியதில்லை. காரில் அப்படி இல்லை. ‘தானோட்டி’ என்று நண்பர் ஒருவர் முன்வைத்தது சொல்லாகப் பார்த்தால் அருமை, கச்சிதம். ஆனால் ஓட்டி என்பவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அந்த ஈற்றை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதருக்கு என்ன பெயர் மிச்சம்? அதை, மனிதரை எதிர்பார்க்காமல் கார் தானே ஓட்டும் 4, 5-ஆம் நிலைகளுக்குப் பத்திரமாக எடுத்து வைப்போம், அப்போது வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை ‘ஓட்டுநர் துணை’. ‘ஓட்டுத்துணை’ என்று சுருக்கலாம் என்று எனக்கும் முதலில் தோன்றியது, ஆனால் தேர்தல் நேரத்தில் அதைப் படிப்பவர் வேறு துணையைத்தான் நினைப்பார், அதனால் விட்டுவிட்டேன். ‘உதவி’யும் பொருள் தரும்தான். ஆனால் உதவி ஒருமுறை செய்துவிட்டுப் போவது, துணை கூடவே வருவது. துணைக்கு வருபவர் நம் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதில்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வழித்துணை’ என்று எழுதியிருந்தவருக்குத் தனியாக ஒரு நன்றி. எத்தனை தலைமுறை வாயில் புழங்கிய சொல்! ஆனால் அது வழிகாட்டும் வரைபடச் செயலிக்கு இதைவிடப் பொருத்தம், அதற்கே விடலாம்.

‘துணை’யைப் பிடித்துக்கொண்டால் மற்றவை வரிசையாக வந்துவிடும். கார் தன் தடத்தின் (லேனின்) கோட்டைத் தாண்டும்போது ஒலி மட்டும் எழுப்பினால் ‘தடவிலகல் உணர்த்தல்’. ஸ்டீயரிங்கைத் திருப்பவும் செய்தால் ‘தடத்துணை’. இந்த இரண்டையும் பிரிக்கிற கோட்டைத் தயவுசெய்து யாரும் அழிக்க வேண்டாம். முதலாவது நம்மிடம் சொல்கிறது, இரண்டாவது நம் கையோடு சேர்ந்து இழுக்கிறது. ‘பிளைண்ட் ஸ்பாட்’டுக்குக் ‘குருட்டுப் புள்ளி’ வேண்டாம், ‘காணாப் பக்கம்’ போதும். கண்ணாடியில் தெரியாத பக்கம், அவ்வளவுதான்.

முன்வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு ‘மோதல் தவிர்ப்பி’ என்று வந்திருக்கிறது. இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அது பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நம்பி ஓடுவது. சாலையோரப் பலகை, பாலம், தடுப்புச்சுவர் என்று அசையாத பொருள்கள் எல்லாமே ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடவே முடியாது என்பதால் அசையாதவற்றை வடிகட்டிவிடும் அமைப்புகள் உண்டு. அந்த வடிகட்டலில், நம் தடத்திலேயே பழுதாகி நிற்கும் லாரியும் சில சமயம் போய்விடும். நின்றிருக்கும் வண்டியை இது கவனிக்காமல் போகலாம் என்று பல கையேடுகளே எழுதி வைத்திருக்கின்றன. அதற்கு ‘மோதல் தவிர்ப்பி’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘இடைவெளித் துணை’ என்பதே நேர்மை. அது செய்வது அதைத்தான், முன்னால் ஓடும் வண்டியோடு இடைவெளி விடுவது.

ஓர் இடத்தில் மட்டும் ‘தானியங்கி’யை ஒப்புக்கொள்கிறேன். மோதப்போகும் கடைசி நொடியில் தானே பிரேக் பிடிக்கும் வசதிக்குத் ‘தானியங்கி அவசர பிரேக்’ சரியான பெயர்தான். அங்கே தானாக நடப்பது ஒரு நொடிச் செயல், ஓட்டுவது இல்லை. எஸ்ஏஇ வரையறையும் அதை 0-ஆம் நிலையில்தான் வைத்திருக்கிறது. பிரேக் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி இந்த மடலை நீட்ட விரும்பவில்லை, எல்லார் வாயிலும் இருக்கும் சொல் இருக்கட்டும். ஆங்கிலத்திலும் இதே பாடுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வசதிக்கு மட்டும் 40 விற்பனைப் பெயர்கள் புழங்குவதாக அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-ல் கணக்கெடுத்தது. அதன் பிறகு அந்தச் சங்கமும், நுகர்வோருக்காகப் பொருள்களைச் சோதிக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் முதலிய அமைப்புகளும் சேர்ந்து பொதுப்பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டன. நமக்கு நாற்பது பெயர் சேரும் முன்பே உட்கார்ந்து பேசுகிறோம் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

சரி, விளக்குகளுக்கு வருகிறேன். டாஷ்போர்டில் எரியும் அத்தனைக்கும் ‘எச்சரிக்கை விளக்கு’ என்று இப்போது பட்டியலில் இருக்கிறது. உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ-வின் 2575 என்ற தரம் நிறத்துக்குப் பொருள் வைத்திருக்கிறது: சிவப்பு ஆபத்து, மஞ்சள் கவனம், பச்சை இயங்குகிறது, நீலம் ஹைபீம் (தூரம் பாயும் முகப்பு வெளிச்சம்). இண்டிகேட்டர் போட்டதும் கண்சிமிட்டும் பச்சை அம்பு யாரை எச்சரிக்கிறது? பொதுப்பெயராகக் ‘குறிவிளக்கு’ என்று வைப்போம். குறித்த, குறிக்கும் விளக்கு என்று குடிநீர், சுடுநீர் போல வினைத்தொகையாகவும் நிற்கும். ‘எச்சரிக்கை’ என்ற சொல்லைச் சிவப்புக்கு மட்டும் சேமித்து வைப்போம்.

கூடவே இரண்டு திருத்தங்கள். ‘பேட்டரி விளக்கு’ என்பது ‘மின்னேற்றக் குறிவிளக்கு’ ஆகட்டும். ஓடும்போது அது எரிந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுழற்றும் பெல்ட்டோ காரணமாக இருக்கும், பேட்டரியை மாற்றிப் பயன் இராது. எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கு ‘எண்ணெய் அழுத்த எச்சரிக்கை’ ஆகட்டும். ‘எண்ணெய் குறைவு’ என்று எழுதினால் வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அழுத்தம் போன பிறகு எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும், உடனே ஓரமாக நிறுத்தி அணைக்க வேண்டும்.

இனி நான் புதிதாக முன்வைக்க விரும்பும் சொல். ஓயாமல் வரும் எச்சரிக்கைகளைக் கவனிப்பதே நமக்கு விட்டுப்போவதைக் குறிக்கும் ‘அலாரம் ஃபட்டிக்’ என்பதற்கு ‘எச்சரிக்கைச் சோர்வு’, ‘எச்சரிக்கைக் களைப்பு’ இரண்டும் வந்திருக்கின்றன. இரண்டுமே ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியவை. களைத்தவர் ஓய்வெடுத்தால் சரியாகிவிடுவார். இது அப்படி இல்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் தொட்டால் தெரியாமல் இருக்குமே, அதுதான் இது. மரத்துப்போதல். ஆகவே ‘எச்சரிக்கை மரப்பு’.

எனக்கே நடந்தது. குளிர்காலக் காலைகளில் என் காரில் மஞ்சள் நிற டயர்க் குறிவிளக்கு எரியும். காற்று குளிர்ந்தால் சுருங்கும், ஏறக்குறைய 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரின் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (டயர்க் காற்றை அளக்கும் அலகு) குறையும். கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் அணைந்துவிடும். தினமும் இப்படி எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, இரண்டு மாதத்தில் அதை என் கண் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஒருநாள் அது அணையவே இல்லை. அதுகூட எனக்குத் தெரியவில்லை, வண்டியை நிறுத்தி இறங்கியபோது பின்சக்கரம் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்தது, ரப்பருக்குள் ஆணித்தலை ஒன்று வழவழவென்று தேய்ந்து மின்னியது. எத்தனை நாள் அதோடு ஓட்டினேனோ! அமெரிக்க விதிப்படி காற்று, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே 25 சதவீதம் குறைந்தால்தான் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும், அதாவது அது எரியும்போதே நிலைமை கொஞ்சம் முற்றியிருக்கும். ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் சேதி வேறு, காற்றில் குறை இல்லை, அளக்கும் அமைப்பிலேயே பழுது. இதுவும் எனக்கு அதன் பிறகு படித்துத்தான் தெரிந்தது.

எஞ்சின் குறிவிளக்கும் அப்படியே, நிலையாக எரிந்தால் விரைவில் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும். சிமிட்டினால் எஞ்சின் மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைப் பாழாக்கும் என்று பொருள். ஒரே விளக்கு, ஒரே மஞ்சள், சிமிட்டலில்தான் வேறுபாடு. ஆகவே ‘எரிதல்’, ‘சிமிட்டல்’ இரண்டையும் தனித்தனிக் கலைச்சொல்லாகவே பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ‘ஒளிர்தல்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் இந்த வேறுபாடு போய்விடும்.

இந்த மரப்புக்கு இனிதான் வேலை அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பை உணர்த்தும் அமைப்பு, தூக்கக்கலக்கம் உணர்த்தும் அமைப்பு, தானியங்கி அவசர பிரேக் எல்லாம் கட்டாயம். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி, ஒரு விளக்கு. எல்லாவற்றையும் நாம் ‘எச்சரிக்கை’ என்று மொழிபெயர்த்து வைத்தால், சிவப்பு எரியும் நாளில் அந்தச் சொல்லில் உயிர் இருக்காது.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை, உங்களிடமே விடுகிறேன். 3-ஆம் நிலையில், தன்னால் முடியாதபோது ஓட்டும் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி கார் மனிதரைக் கூப்பிடும். ‘கைமாற்றுக் கோரிக்கை’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் கடன் என்றுதான் நம் வீடுகளில் பொருள், ஒத்துவராது. ‘பொறுப்பேற்பு அழைப்பு’ பதவியேற்பு விழா மாதிரி ஒலிக்கிறது. அறிக்கைகளில் எழுத எது நல்லது என்று யாராவது சொல்லுங்கள். திரையில் காட்டும் சொற்றொடருக்கு மட்டும் என்னிடம் ஒன்று இருக்கிறது, சில நொடிக்குள் படித்துக் கை நகர வேண்டிய இடம் என்பதால் கலைச்சொல்லே இல்லாமல், ‘ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்’.