நவதிருப்பதி ஒரே நாளில்: வரிசை சொல்லி உதவுங்கள்

பாகவதர்களுக்கு அடியேன் நமஸ்காரம். எண்பது வயதை நெருங்கும் பெற்றோருடன் நவதிருப்பதி, அதாவது தாமிரபரணிக் கரையிலுள்ள ஒன்பது பெருமாள் கோயில்களையும் சேவிக்கத் திட்டம். திருநெல்வேலியிலிருந்து கார்.

நவக்கிரக வரிசைப்படி போனால் ஸ்ரீவைகுண்டம், நத்தம் முடித்து, செவ்வாய்க்குரிய திருக்கோளூருக்காகத் தாமிரபரணியைக் கடக்க வேண்டும். புதனுக்குரிய திருப்புளிங்குடிக்கு மறுபடி வடகரை. இப்படி அலைந்தால் உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், பாதிக் கோயில்கள் மாலைக்குத் தள்ளிப்போகும். பெருமாளைச் சேவிக்கக் கிரக வரிசை தேவையில்லை என்பது அடியேன் எண்ணம்.

அதனால் காலையில் வடகரை: ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி. இரட்டைத் திருப்பதி திவ்யதேச (ஆழ்வார்கள் பாடிய தலங்கள்) கணக்கில் ஒன்றுதான், ஆனால் சந்நிதிகள் இரண்டும் தனித்தனிக் கோயில்கள். ஆக ஆறு கோயில். மாலையில் தென்கரை: தென்திருப்பேரை, திருக்கோளூர், கடைசியாக ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வாரையும் அங்குள்ள உறங்காப்புளி என்னும் புளியமரத்தையும் அவசரப்படாமல் சேவிக்க வேண்டும், அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

சமீபத்தில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்:

ஆறு கோயிலும் நடை சாத்துமுன் முடியுமா? இல்லையென்றால் எதை மாலைக்கு மாற்றலாம்? நத்தம், பெருங்குளம் போன்ற சிறிய ஊர்களில் அர்ச்சகர் ஸ்வாமியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா?

திருப்புளிங்குடியில் பெருமாள் திருவடியைப் பிராகாரத்துச் சாளரம் வழியாகத்தான் சேவிக்க முடியும். அங்கே சக்கர நாற்காலி போகுமா? உயரமான படிகள் எந்தக் கோயிலில்? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் பெரிய கவலை.