இரவு 11 மணி வேலை ஏன் நின்றது? (வீட்டு வாட்ஸ்அப் குழு)

அப்பா: கார்த்தி, இருப்புப் பட்டியலில் நேற்றைய விற்பனை ஏறவில்லை. துவரம் பருப்பு 12 மூட்டை என்று காட்டுகிறது. கிடங்கில் எண்ணினால் 7.

கார்த்தி: பார்த்தேன் அப்பா. கிடங்குக் கணினியில் 11 மணிக்கு பேட்ச் வேலை, அதாவது அன்றைய விற்பனையைத் தானாகப் பட்டியலில் ஏற்றும் வேலை, தொடங்கியிருக்கிறது. பட்டியல் இருக்கும் எக்ஸெல் கோப்பில் எழுதப் போன இடத்தில், அதை வேறு யாரோ திறந்து வைத்திருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது.

செல்வம் சித்தப்பா: நான் கணினியை அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன்.

மீனா அத்தை: நீ அணைத்தது திரையை, செல்வம். காலையில் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததே!

செல்வம் சித்தப்பா: சரி அக்கா. ஆனால் கோப்பு திறந்திருக்கிறதா என்று அந்த வேலையே முதலில் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

திவ்யா: பார்க்கலாம் சித்தப்பா. எக்ஸெல் ஒரு கோப்பைத் திறந்ததும் அதே இடத்தில் டாலர் குறியோடு ஒரு மறைவான குட்டிக் கோப்பு உண்டாகும். கார்த்தி, அது இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்.

கார்த்தி: அதை நம்ப முடியாது அக்கா. திடீரென்று மின்சாரம் போனால் அந்தக் குட்டி அங்கேயே தங்கிவிடும். கடைத்தெரு மின்வெட்டுக்கு, நம் வேலை ஒருநாளும் ஓடாது. பெயரை மாற்றிப் பார்ப்பதே மேல். எக்ஸெலில் திறந்திருக்கும் கோப்பின் பெயரை மாற்ற விண்டோஸ் விடாது.

திவ்யா: அதே பெயரையே மறுபடி வைத்துப் பார்த்தால் போதுமே?

கார்த்தி: போதாது. பார்த்த நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவில் யாராவது திறந்துவிட்டால்? வேறு பெயருக்கே மாற்றிவிடுகிறேன். மாறிவிட்டால் கோப்பு நம் கையில். பழைய பெயரில் யாரும் திறக்க முடியாது. வேலை முடிந்ததும் பழைய பெயரை வைத்துவிடலாம். மாறாவிட்டால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலும். 12 மணிக்கும் மாறவில்லை என்றால் எனக்குச் செய்தி வரும்.

திவ்யா: வேலை பாதியில் செத்தால் கோப்பு புதுப் பெயரிலேயே கிடக்கும். அடுத்த முறை அதைக் கண்டால் உனக்குச் சொல்லிவிட்டு நிற்கட்டும். தானாகத் தொடர்ந்தால் ஒரே விற்பனை இருமுறை கழிந்துவிடும். எங்கள் அலுவலகக் கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அதில் இந்த வித்தை பலிக்காது. திறந்திருக்கும் கோப்பின் பெயரையும் அது தாராளமாக மாற்றிவிடும்.

அப்பா: அதெல்லாம் இரவுக்கு. இப்போது விற்பனையை ஏற்று. பத்து மணிக்குப் பருப்பு லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

கார்த்தி: சித்தப்பா, எக்ஸெலை மூடுங்கள்.

செல்வம் சித்தப்பா: சேமிக்கவா என்று கேட்கிறது.

கார்த்தி: நேற்று எதையாவது மாற்றினீர்களா?

செல்வம் சித்தப்பா: சர்க்கரை விலையை மட்டும்.

மீனா அத்தை: அது புது விலைதான். சேமி.

செல்வம் சித்தப்பா: மூடிவிட்டேன்.

கார்த்தி: ஓடுகிறது. முடியும்வரை யாரும் திறக்காதீர்கள்.