[கலைச்சொல்] ஃபார்வர்ட் செயினிங், பேக்வர்ட் செயினிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

உதகை, கணினி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். விதிகளாகவே நிரல் எழுதும் மொழிகளைப் பற்றி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுத்தாக வேண்டும். வல்லுநர் முறைமை (எக்ஸ்பர்ட் சிஸ்டம், அதாவது வல்லுநரைப் போல முடிவு சொல்லும் நிரல்), விதி, தரவு வரைக்கும் தடையில்லை. இந்த இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். கையிலிருக்கும் பழைய குறிப்பு ‘முன்தொடரல், பின்தொடரல்’ என்கிறது. பின்தொடரல் என்றால் மாணவர்களுக்கு இன்ஸ்டாகிராம்தான்.

வகுப்பில் நான் சொல்லும் எடுத்துக்காட்டு தேயிலை. ‘தொடர்ந்து மழை, வெயில் இல்லை என்றால் இலையில் ஈரம் காயாது’ என்பது ஒரு விதி. ‘ஈரம் காயவில்லை, கொழுந்தில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி இருக்கிறது என்றால் கொப்புள நோய்’ என்பது அடுத்த விதி. தோட்டத்தில் கண்டதைக் கொடுத்ததும் முதல் விதி இரண்டாவதைக் கிளப்பி, முடிவு தானாக வந்தால் ஃபார்வர்ட். ‘கொப்புள நோய்தானா?’ என்று முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று விதிவிதியாகத் திரும்பி வந்து, தெரியாததை விவசாயியிடம் கேட்டால் பேக்வர்ட். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985இல் உருவான கிளிப்ஸ் மொழி முதல் வகை. 1972இல் பிரான்சின் மார்சேயில் பிறந்த புரோலாக் மொழி இரண்டாம் வகை. எந்த முனையிலிருந்து கிளம்புகிறோம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் எடுத்துக்காட்டுக்குள்ளேயே சொல் இருக்கிறது. முதல் விதி ‘ஈரம் காயாது’ என்று முடிகிறது, அடுத்தது அதிலேயே தொடங்குகிறது. இது அந்தாதி அல்லவா? பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அப்படித் தொடுக்கப்பட்டதுதான். முன்னந்தாதி, பின்னந்தாதி என்று வைத்துவிடுங்கள்.

செயின் என்றதும் சங்கிலியைத் தேட வேண்டாம். ‘தொடு’ என்ற வேர் ஒன்றே போதும். பூ தொடுக்கிறோம், அம்பு தொடுக்கிறோம், வழக்கும் தொடுக்கிறோம். தொடர், தொடை, மாலையைக் குறிக்கும் தொடலை எல்லாம் ஒரே குடும்பம். கோத்தல் என்ற பொருள் அத்தனையிலும் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஒரே நேரத்தில் இரண்டு விதிகள் பொருந்தினால் எது முந்தும்? சார்லஸ் ஃபோர்ஜி உருவாக்கிய ஓபிஎஸ்5 மொழியில், மற்றவை சமமாக இருந்தால் கூடுதல் நிபந்தனை உள்ள விதிக்கே முன்னுரிமை என்று படித்தேன். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்று புணர்ச்சி இலக்கணம் நடத்தும்போது நாம் சொல்வதும் இதைத்தான். இலக்கணம் படித்த பிள்ளைக்கு இந்த மொழிகள் அந்நியமே இல்லை.

அருவங்காடு:

ஐயா, அந்தமும் ஆதியும் வடசொற்கள். புதிதாக ஆக்கும் சொல்லையாவது தூய தமிழில் ஆக்குவோம். முடிமுதல் தொடை என்பது என் முன்மொழிவு.

குன்னூர்:

காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதி பாடினார். அத்தனை நூற்றாண்டு தமிழர் வாயில் புழங்கிய சொல்லை எந்த வாசல் வழியாக வெளியே அனுப்பப் போகிறீர்கள்?

கூடலூர், நிரலாளர்:

ஐயா இருவருக்கும் வணக்கம். பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் தொடை என்றால் வகுப்பு அடங்காது. தொடுப்பு என்று மாற்றினால் அதற்கு ஊரில் வேறு பொருள் இருக்கிறது. ஒலிபெயர்த்தே எழுதிவிட்டால் வேலைக்குப் போகும் இடத்திலும் புரியும்.

தமிழில்தான் வேண்டுமென்றால், எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதிலிருந்து பெயர் எடுக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் 1970களில் செய்த மைசின் என்ற வல்லுநர் முறைமை, ரத்தத் தொற்றுக்குக் காரணமான கிருமியைத் தேடியது. இன்ன இன்ன கிருமியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டியல் முன்பே உண்டு, ஆகவே அங்கிருந்து பின்னால் வந்தது. ஓபிஎஸ்5இல் எழுதிய எக்ஸ்கான் என்ற இன்னொரு முறைமை, வாக்ஸ் கணினி ஆர்டருக்கு எந்தப் பாகம் எங்கே வர வேண்டும் என்று அடுக்கியது. அங்கே முடிவுகளைப் பட்டியல் போடவே முடியாது. கையிலிருக்கும் ஆர்டரிலிருந்து முன்னால் போவதுதான் வழி. ஒன்று தரவிலிருந்து, மற்றது இலக்கிலிருந்து. தரவுவழி, இலக்குவழி என்றால் என்ன?

கோத்தகிரி, தேயிலை விவசாயி:

டீச்சர், எனக்குக் கணினி தெரியாது, கொழுந்து தெரியும். மருந்துக்கடைக்காரர் செய்வது இலக்குவழி. ‘செஞ்சிலந்தியா?’ என்று ஆரம்பித்து, ‘இலை செம்பு நிறமா, வெயில் காலமா’ என்று கேட்டுக்கொண்டே போவார். நாங்கள் வரிசையில் நடந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது தரவுவழி. கேட்டதும் புரிந்தது. பின்னந்தாதி என்றபோது எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடவில்லை.

உங்கள் மழை விதியில் ஊரையும் சேருங்கள். கூடலூருக்கு ஆடி மழை பெரிது, எங்கள் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிது. மாதத்தை மட்டும் வைத்து விதி எழுதினால் ஒரு பக்கத்துக்குப் பொருந்தாது.

அருவங்காடு:

தரவு, இலக்கு ஏற்கலாம். ஆனால் ‘இலக்குவழி’ என்றால் இலக்கை நோக்கிப் போகும் வழி என்றும் படலாமே? இலக்குமுதல், தரவுமுதல் என்றால் கிளம்பும் முனை தெளிவாகும்.

கூடலூர்:

தரவுமுதல் என்றால் தரவு முதல் முடிவு வரை என்று படிக்க மாட்டார்களா? எந்தச் சொல்லுக்கும் ஒரு விளக்க வரி வேண்டித்தான் இருக்கும். இப்படியே போனால் திங்கட்கிழமை வந்துவிடும்.

உதகை:

எல்லோருக்கும் நன்றி. தரவுவழி, இலக்குவழி என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதலில் வரும் இடத்தில் ஆங்கில ஒலிப்பும் ஒரு விளக்க வரியும் இருக்கும். கோத்தகிரி அண்ணா சொன்னபடி விதியில் ஊரையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டேன். சிறப்புவிதி ஒப்பீட்டை ஓபிஎஸ்5 பகுதியில் போடுகிறேன், ஐயா.

குன்னூர்:

அச்சுக்குக் கொடுங்கள், அம்மா. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். தரவுவழி என்பது எங்கே தொடங்குகிறோம் என்று சொல்கிறது. ஒரு விதியின் முடிவு அடுத்த விதிக்கு உணவாகிறது என்பதைச் சொல்லவில்லை. ஒரே விதியில் முடிந்துபோகும் நிரலையும் தரவுவழி என்று சொல்லிவிடலாமே! அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.