முதல் முறை பெண்கள் நலப் பரிசோதனை: உள்ளே என்னென்ன செய்வார்கள்?

வானதி (கேள்வி):
வயது 34, இரண்டு குழந்தைகள். பிரசவத்துக்குப் பிறகு மகப்பேறு மருத்துவரிடம் போனதே இல்லை. தொந்தரவு எதுவும் கிடையாது. அடுத்த வாரம் பொதுப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பாப் ஸ்மியரும் எடுப்போம் என்றார்கள். வரிசையாக என்ன நடக்கும்? வலிக்குமா? பீரியட்ஸும் அதே வாரத்தில்தான் வரும் போலிருக்கிறது, தள்ளிப்போடலாமா?

கயல்:
தள்ளிப்போடுங்கள் வானதி. ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும்போது எடுத்தால் செல்கள் ரத்தத்தில் மறைந்து, 'மாதிரி போதவில்லை' என்று ரிப்போர்ட் வரும். அப்புறம் சில மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பீரியட்ஸ் தொடங்கும் நாளை 1 என்று வைத்து, 10 முதல் 20க்குள் ஒரு நாள் கேளுங்கள். அதற்கு முந்தைய 48 மணி நேரம் தாம்பத்திய உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். ஆனால் பீரியட்ஸ் இல்லாத நாட்களில் ரத்தப்போக்கோ, உறவுக்குப் பின் ரத்தக்கசிவோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். உடனே போய்விட வேண்டும்.

உள்ளே போனதும் முதல் கேள்வி, கடைசி பீரியட்ஸ் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதாகத்தான் இருக்கும். கடைசி மூன்று தேதிகளையும் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா, வெள்ளைப்படுவதில் வாடை உண்டா, இருமினால் சிறுநீர் கசிகிறதா? பெரும்பாலானவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவது கடைசிக் கேள்வியைத்தான். பிரசவம் ஆனவர்களுக்கு இது சாதாரணம், இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியிலேயே நன்றாகக் குறையும். அவசியம் சொல்லுங்கள்.

பிறகு எடை, ரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை, வயிற்றை அழுத்திப் பார்ப்பது. அதற்கப்புறம்தான் உள்பரிசோதனை. சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் அசௌகரியம் குறையும். (சிறுநீர்ப் பரிசோதனை உண்டா என்று முதலில் கேளுங்கள், மாதிரியை அப்போதே கொடுத்துவிடலாம். வயிற்றின் மேல் ஸ்கேன் இருந்தால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அதை முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.) முழங்காலை மடக்கி விரித்து, இடுப்பைக் கட்டிலின் விளிம்பு வரை கொண்டுவரச் சொல்வார்கள். ஸ்பெக்குலம் என்ற கருவியால் பிறப்புறுப்பின் சுவர்களை விலக்கி, கர்ப்பப்பை வாயை ஒரு சிறு பிரஷ்ஷால் சுழற்றி எடுப்பார்கள். மாதிரி எடுப்பது சில நொடிதான். பயத்தில் தசையை இறுக்கும்போதுதான் வலி கூடும். கருவி நுழையும்போது மெதுவாக மூச்சை விடுங்கள், பிட்டம் கட்டிலிலேயே பதிந்திருக்கட்டும். வலித்தால் "நிறுத்துங்கள், சின்ன அளவு போடுங்கள்" என்று தயங்காமல் சொல்லலாம். ஸ்பெக்குலத்தில் பல அளவுகள் உண்டு. கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியில் இரு விரல் உள்ளே, இன்னொரு கை அடிவயிற்றில் வைத்து, கர்ப்பப்பையின் அளவு, சினைப்பை வீக்கம், தொட்டால் வலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லா மருத்துவரும் இதைச் செய்வதில்லை. பரிசோதனைக்குப் பின் ஓரிரு நாள் லேசான கறை படலாம். நாப்கின் நனையும் அளவுக்குப் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருதாணி:
ரத்தப் பரிசோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடி, நகத்துக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12க்கு மேலே இருந்தும் சோர்வாக இருந்தால் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இரும்புச் சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும்.

வானதி:
இருவருக்கும் நன்றி. பாப் ரிப்போர்ட்டில் ஏதாவது மாற்றம் என்று வந்தால் புற்றுநோய் என்றுதான் அர்த்தமா?

கயல்:
இல்லை. அடிக்கடி வருவது ஏஎஸ்சி-யுஎஸ். செல்கள் கொஞ்சம் மாறித் தெரிகின்றன, காரணம் உறுதியில்லை என்பதே அதன் பொருள். அடுத்து எச்பிவி, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும், உறவின் மூலம் தொற்றும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைரஸ் இருந்தால் கால்போஸ்கோபி: கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி, உருப்பெருக்கியில் பார்த்து, வெளுக்கும் இடத்தில் தேவைப்பட்டால் துளி சதை எடுப்பார்கள். பெரும்பாலான எச்பிவி தொற்று ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். பல வருடம் முன்பு தொற்றியதும் இப்போது தெரியலாம், அதனால் இதை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகிக்காதீர்கள்.

மருதாணி:
எடுத்தது பாப் ஸ்மியரா, எச்பிவி பரிசோதனையா, இரண்டுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தது எப்போது என்பது அதைப் பொறுத்தது. பாப் மட்டும் என்றால் பொதுவாக 3 வருடம், எச்பிவி என்றால் 5 வருடம். எச்பிவி தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையை விடக்கூடாது, எல்லா வகை வைரஸையும் அது தடுக்காது. ரிப்போர்ட் எந்தத் தேதியில், யாரிடம் கிடைக்கும் என்றும் கேளுங்கள். அவர்கள் கூப்பிடவில்லை என்றால் எல்லாம் சரி என்று இருந்துவிட வேண்டாம், நேரில் போய் வாங்கிவிடுங்கள்.